காகிதத்தில் காலை வைத்துப் பாருங்கள்

வணக்கம் ஃப்ரெண்ட்ஸ். இன்றைக்குக் கேமராவைத் தரையில் வைத்திருக்கிறேன், என் காலைக் காட்டத்தான். கட்டைவிரல் அடியில் ஓர் எலும்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, தெரிகிறதா? விரல் பக்கத்து விரலின் மேல் சாய்ந்துவிட்டது. டாக்டர் சீட்டில் 'ஹாலக்ஸ் வால்கஸ்' என்று எழுதினார். அம்மாவுக்கும் லேசாக இருக்கிறது, பரம்பரையாகவும் வருமாம். ஆனால் முனை குறுகிய ஷூ அதை இன்னும் மோசமாக்கும்.

ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் 6 வருஷம் நின்றேன். கறுப்பு கோர்ட் ஷூ, 3 அங்குல ஹீல்ஸ், தினம் 8 மணி நேரம். ஹீல்ஸ் போட்டால் உடம்பு பாரம் முன்பாதத்தில் இறங்கிவிடும். வருஷக்கணக்கில் போட்டால் கெண்டைச் சதையும் குறுகிப்போகும். அதனால்தான் சிலருக்குத் தட்டைச் செருப்புக்கு மாறினாலும் வலிக்கிறது. திடீரென்று மாறாதீர்கள், உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

சரி, ஒரு காகிதம் எடுங்கள். வெறுங்காலோடு அதன் மேல் எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்தபடி வரைந்தால் பாதம் முழுசாக விரியாது. பென்சிலை நேராகப் பிடித்துக் காலைச் சுற்றி வரையுங்கள். இப்போது நீங்கள் போடும் செருப்பை அந்தக் கோட்டின் மேல் வையுங்கள். என் பழைய ஷூவை வைக்கிறேன், பாருங்கள். இரண்டு பக்கமும் கோடு வெளியே தெரிகிறது. சுண்டுவிரல் பக்கம் மட்டும் ஒரு விரற்கடை இருக்கும். அந்த ஒரு விரற்கடையைத்தான் தினமும் காலையில் உள்ளே திணித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். வாங்கும்போது கடையில், "போடப் போடச் சரியாகிடும் மேடம்" என்றார்கள். நல்ல தோல் கொஞ்சம் இளகும். ரெக்சின் இளகாது. கால்தான் அதற்கு ஏற்றபடி வளைந்தது.

பழைய அளவையும் நம்பாதீர்கள். குழந்தை பிறந்த பிறகு எனக்கு 6 போய் 7 ஆகிவிட்டது. கர்ப்ப காலத்தில் தசைநார்கள் தளர்ந்து பாதத்தின் வளைவு தாழும், நீளம் கூடும். சிலருக்கு அது திரும்புவதே இல்லை. மெட்டி இறுகுகிறது என்றால் அதையும் கழற்றிப் பெரிதாக்கிப் போடுங்கள்.

வேலை இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2021ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். கேரளாவில் 2018லேயே வந்துவிட்டது, துணிக்கடைப் பெண்கள் போராடியதால். ஆனால் அது இருக்கைக்கான சட்டம்தான். காலில் ஹீல்ஸ் போட்டே ஆக வேண்டும் என்று முதலாளி சொன்னால் அது தடுக்காது. ஜப்பானில் 2019ல் யூமி இஷிகாவா என்ற பெண் இதைத்தான் எதிர்த்தார். ஜப்பானிய மொழியில் ஷூவுக்கும் வலிக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல், அதை வைத்து 'குட்டூ' என்று இயக்கத்துக்குப் பெயர் வைத்தார். 18,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2017லேயே இந்தக் கட்டாயத்தை நிறுத்திவிட்டார்கள். நம் ஊரிலும் இதைக் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம், கமெண்ட்டில் நிறைய பேர் பித்தவெடிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிஷம் காலை வைத்து, கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் ஒற்றி எடுத்த கையோடு யூரியா கலந்த க்ரீம் தடவுங்கள். பருத்தி சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். கால் ஆணியை மட்டும் பிளேடால் வெட்டவே வெட்டாதீர்கள்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. கடையில் விற்கும் கால் ஆணி பிளாஸ்டரில் அமிலம் இருக்கிறது, அவர்கள் அதை ஒட்டக் கூடாது. உணர்ச்சி குறைந்த காலுக்குத் தண்ணீர் சுடுவதே தெரியாது. என் அம்மாவுக்கு 12 வருஷமாகச் சர்க்கரை. போன மாதம் செருப்பு கடித்துத் தோல் உரிந்திருக்கிறது, அம்மாவுக்குத் தெரியவே இல்லை. நான்தான் பார்த்தேன். இப்போது தினமும் ராத்திரி அவர் காலை மடியில் வைத்து விரலிடுக்கு வரை பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

இதோ, இது அம்மா கால் வரைந்த காகிதம். கைப்பையில் வைத்துக்கொள்கிறேன். நாளைக்கு இருவரும் செருப்பு வாங்கப் போகிறோம். 6 மணிக்கு மேல்தான் கிளம்புவோம், அப்போதுதான் கால் வீங்கி அதன் முழு அளவில் இருக்கும்.