கல்லறைச் சுவர், தேர் வராத தெரு: தலித் கத்தோலிக்கர் தங்கள் திருச்சபையிடம் கேட்பது என்ன?

[காட்சி: காலை வேளை, கல்லறைத் தோட்டம். சுண்ணாம்பு அடித்த சிலுவைகள், செவ்வந்தி மாலைகள், மெழுகுவர்த்திகள்]

வணக்கம். நவம்பர் 2, கல்லறைத் திருநாள். முந்தின நாளே புல் செதுக்கி, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்துவிடுவார்கள். காலையில் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் குடும்பமே வந்து நிற்கும். சாமியார் பூசை முடித்துவிட்டு ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போவார்.

திருச்சி மேலப்புதூரில் இருக்கும் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அதன் நடுவே எழுப்பிய சுவரைப் பற்றித்தான் பல ஆண்டுகளாகப் பேச்சு. ஒரு பக்கம் தலித் கத்தோலிக்கர், மறுபக்கம் மற்றவர்கள். இரண்டு பக்கத்தாருக்கும் ஒரே ஞானஸ்நானம், ஒரே செபமாலை. மண்ணுக்குள் போன பிறகும் நடுவில் சுவர்.

இந்தச் சுவரை எதிர்த்து நிற்பவர்களில் முக்கியமானவர்கள் குருக்களோ கன்னியரோ இல்லாத சாதாரண விசுவாசிகள். திருச்சபை மொழியில் பொதுநிலையினர். அவர்கள் திருச்சபையை விட்டுப் போகவில்லை. உள்ளே இருந்துகொண்டே கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது என்ன, அது ஏன் இவ்வளவு இழுக்கிறது என்பதுதான் இந்த வீடியோ.

[காட்சி: வடக்கன்குளம் ஆலயத்தின் வரைபடம், மேலிருந்து]

முதலில் திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்துக்குப் போய் வருவோம். அங்கே 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயத்தை மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும். பீடம் ஒன்றுதான். அதிலிருந்து இரண்டு கால்கள் போல இரண்டு கூடங்கள் பிரியும். ஒன்று வெள்ளாளருக்கு, இன்னொன்று நாடார் உள்ளிட்ட மற்றவர்களுக்கு. பூசை வைக்கும் குருவை இரு பக்கத்தாரும் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. சாதிக்காகவே ஒரு கட்டடத்தை வரைந்து கட்டியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கசக்கிறது.

1910இல் திருச்சபைத் தரப்பே அந்தத் தடுப்பை இடித்தது. உடனே ஒரு பிரிவு விசுவாசிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தடுப்பு தங்கள் உரிமை, திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று கேட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கோயிலுக்குள் சாதிப் பிரிவை உரிமையாகக் கேட்க முடியாது என்பது நூறு வருடத்துக்கு முன்பே முடிந்துபோன விஷயம்.

சரி, அப்படியென்றால் ஏன் இன்னும் முடியவில்லை? எறையூரைப் பார்த்தால் புரியும்.

எறையூர் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது, 2008இல் விழுப்புரம் மாவட்டம். வன்னியக் கிறிஸ்தவர்கள் அதிகம், தலித் கிறிஸ்தவர்களும் கணிசமாக இருக்கும் ஊர். பெரிய கோயில் செபமாலை மாதாவுடையது. சாவு விழுந்தால் தலித்துகளுக்குத் தனி வண்டி, தனிப் பாதை. அதனால் தலித் மக்கள் தங்கள் பகுதியில் சகாய மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்பி, அதைத் தனிப் பங்காக, அதாவது சொந்தக் குருவும் நிர்வாகமும் உள்ள தனி அலகாக, அறிவிக்கக் கேட்டார்கள். 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மோதல் வெடித்தது, வீடுகள் சூறையாடப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் இறந்தார்கள். அந்த இரண்டு வீட்டின் துக்கமும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான்.

சமத்துவம் கேட்பவர்கள் ஏன் தனிப் பங்கு கேட்டார்கள் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பங்கு என்றால் என்னவென்று தெரிந்தால் பதிலும் தெரியும். சிற்றாலயம் வெறும் கட்டடம். பங்கு என்றால் அங்கேயே தங்கும் பங்குத்தந்தை, ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, சொந்தக் கணக்கு, பங்கு மக்கள் கூடிப் பேசும் சொந்தப் பேரவை எல்லாம் உண்டு. பங்கு இல்லாதவரைக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்குவதற்குக்கூட, தன்னை ஒதுக்கும் கோயிலின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். பிரிந்து போகும் ஆசையில் யாரும் அதைக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அவமானப்படாமல் சாமி கும்பிட ஓர் இடம் கேட்டார்கள். ஆனால் புதிய பங்கை உருவாக்கும் அதிகாரம், அந்தப் பகுதிப் பங்குகளுக்கெல்லாம் தலைவரான ஆயர் (பிஷப்) ஒருவருக்குத்தான் உண்டு.

[காட்சி: பங்குப் பேரவைக் கூட்டம், வட்டமாகப் போட்ட நாற்காலிகள்]

சிக்கலே இந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 208ஆம் விதி, ஞானஸ்நானம் பெற்ற எல்லோரும் மாண்பில் சமம் என்கிறது. 212ஆம் விதி, திருச்சபையின் நன்மைக்காகத் தங்கள் கருத்தை ஆயர்களிடம் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில நேரம் அது கடமையும்கூட என்கிறது. கேட்கவே நன்றாக இருக்கிறது. அப்புறம் 536ஆம் விதிக்கு வந்தால், பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் இடம் மட்டும்தான். திருவிழாத் தேர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று பேரவை ஒருமனதாகச் சொன்னாலும், பங்குத்தந்தை அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

ஆயர் நியமனமும் இப்படித்தான். திருத்தந்தையின் (போப்பின்) தூதர் ரகசியமாக விசாரித்து மூன்று பேரை ரோமுக்குப் பரிந்துரைப்பார். யார் பெயர் போனது, யாரைக் கேட்டார்கள் என்பது வெளியே வராது. 2022இல் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு, அதாவது ஒரு பேராயரின் பொறுப்பில் இருக்கும் பகுதிக்கு, பேராயர் அறிவிக்கப்பட்டபோது, ஒரு தலித் ஆயர் வேண்டும் என்று பல காலமாகக் கேட்டு வந்த இயக்கத்தினர் தெருவில் இறங்கினார்கள். கதவு மூடிய அறையில் எடுத்த முடிவைப் பற்றிப் பேச அவர்களுக்கு வேறு இடம் எங்கே இருக்கிறது?

திருச்சபை எதையும் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்ல முடியாது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களை ரோமில் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், தலித்துகளைத் தனியே ஒதுக்கவே கூடாது என்று நேராகச் சொன்னார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்றே ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. நாட்டின் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள், ஆனால் தலைமையில் அவர்கள் மிகக் குறைவு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, திருத்தந்தைக்கு அடுத்த நிலையான கர்தினால் ஆனார். முதல் தலித் கர்தினால் அவர். அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

[காட்சி: பழைய மவுண்ட் ரோடு, சாலையோரம் செருப்புத் தைப்பவர்]

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சென்னையில் மவுண்ட் ரோடும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் சேரும் இடத்தில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். 1982இல் அரசு செருப்புத் தைப்பவர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இவர் கிறிஸ்தவர் என்பதால் இவருக்கு இல்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும்தான். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் இன்றுவரை வெளியே. சூசை உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்று 1985இல் அவர் மனு தள்ளுபடியானது.

அந்த வரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆதாரம் கல்லறைத் தோட்டத்தில் சுவராக நின்றது. சவ வண்டி இரண்டாக நின்றது. அதையெல்லாம் நீதிமன்றத்தில் எடுத்து வைக்க வேண்டுமென்றால், முதலில் ‘எங்கள் கோயிலில் சாதி இருக்கிறது’ என்று திருச்சபையே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அந்த 1950 ஆணை வெளியான ஆகஸ்ட் 10ஐ இப்போது திருச்சபையே கறுப்பு நாளாக அனுசரிக்கிறது. ஆயர்கள் கறுப்புப் பட்டை அணிந்து பேரணியில் நடக்கிறார்கள். தலித் இயக்கத்தினரும் கூடவே நடக்கிறார்கள். அதே மக்கள் மறுநாள் ஆயர் இல்லத்துக்கு மனுவோடு போகும்போதும் அதே அக்கறை கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது. டெல்லியைப் பார்த்துக் கேட்கும் நீதியைப் பங்குக்குள்ளேயும் கேட்கிறார்கள். எனக்கு இதில் ஒரு துளி முரண்பாடும் தெரியவில்லை.

[காட்சி: தேர்த் திருவிழா, இரவு, விளக்குகள்]

இப்போது விவகாரம் மறுபடி நீதிமன்றத்தில். கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கோட்டப்பாளையம் பங்கின் தலித் கத்தோலிக்கர்கள், திருவிழாவிலும் தேரிலும் கல்லறையிலும் தங்களை ஒதுக்குவதாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 பிப்ரவரியில் நோட்டீஸ் அனுப்பப்பட்டது. வடக்கன்குளத்தில் தடுப்பு வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். கோட்டப்பாளையத்தில் வழக்குப் போட்டவர்கள் கேட்பது, மாதாவின் தேர் தங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்று.