எதுவுமே நடக்காத நாள்

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மார்களே, பொங்கல் வைத்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் வேலூர் சத்துவாச்சாரி மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் நாள் சலிப்பா, நிறைவா?" இதுதான் தலைப்பு. சலிப்பே என்று பேசிய அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "காலையில் லேப்டாப்பைத் திறக்கிறோம், ராத்திரி மூடுகிறோம். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. இதெல்லாம் ஒரு நாளா?" என்றார். நிறைவே என்று பேச வந்த நான் அந்த நாளைத்தான் இங்கே பிரித்துக் காட்டப் போகிறேன்.

என் வேலை மெடிக்கல் கோடிங். அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய கோடைப் போட வேண்டும். அதை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் வரும். ரத்த அழுத்தத்துக்கு ஐ 10. சிக்கல் இல்லாத இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்கு இ 11.9. ஒரு நோயாளியின் குறிப்பு ஒரு சார்ட்; ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் என்று கணக்கு உண்டு. தரம் 95 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நேற்றும் இதே, நாளைக்கும் இதே. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திருவான்மியூரில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து போட்டாலும் ஐ 10 ஐ 10தானே அண்ணா?

அந்தக் கட்டடத்துக்கும் நான் போயிருக்கிறேன். விடியற்காலை காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ். சென்ட்ரல் வரை கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர். சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும் என்பதால் அந்தத் தைரியம். இறங்கி ரோட்டைக் கடந்து பார்க் டவுனில் பறக்கும் ரயில், அப்புறம் திருவான்மியூர். மூன்று மாதம் தாக்குப்பிடித்தேன். அதற்கு மேல் உடம்பு கேட்கவில்லை. விடுதியில் சேர்ந்துவிட்டேன். அப்பா இல்லாத வீட்டில் அம்மா மட்டும்.

அம்மாவுக்கு பி.பி. உண்டு. ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா ஒன்று வாங்கி, ஞாயிறு முதல் சனி வரை நிரப்பி வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். தினமும் போனில் கேட்பேன், "மாத்திரை போட்டியா?" "போட்டேம்மா." ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்த டப்பா. எடுத்துப் பார்க்கிறேன்: செவ்வாய் அறையில் மாத்திரை, புதன் அறையில் மாத்திரை, வெள்ளியிலும் அப்படியே. அவர் பொய் சொல்லவில்லை. போட்டோம் என்றே நினைத்திருக்கிறார். பக்கத்தில் ஆள் இருந்திருந்தால் மறந்திருக்காது, அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க நான் பல ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் யாருக்கோ ஐ 10 போட்டுக்கொண்டிருந்தேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கம்ப்யூட்டரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். நோயாளி விவரம் வேறு யார் கண்ணிலும் படக் கூடாது என்பது எங்கள் வேலையில் கண்டிப்பான விதி. அதனால் நடு அறையை விட்டு, உள்ளறையில் கதவைப் பார்த்த மாதிரி மேசை போட்டேன். அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் அவரைக்காய் ஆய்வார். வாய்விட்டுக் கோடைச் சொல்லிக்கொண்டே போடுவது என் பழக்கம். ஒருநாள் கேட்டார்: "இன்னாம்மா அது, எப்பப் பார்த்தாலும் ஐ பத்து ஐ பத்துன்ற?" "உனக்கு இருக்குதே பி.பி., அதும்மா." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அவங்களுக்குலாம் மாத்திரை எடுத்துக் குடுக்க யாராச்சும் இருக்காங்களா?" என்றார். சார்ட்டில் அது எழுதியிருக்காது.

அண்ணன் சொன்ன ஒன்றும் நடக்காத நாளில் இதுவும் நடக்கிறது. தண்ணீரும் வருகிறது. பாலாற்றங்கரை ஊருக்கு மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் வருகிறது. அது எத்தனை மணிக்கு வரும் என்பது உங்களுக்கே தெரியும். முன்பெல்லாம் தெருக்குழாயில் குடம் தூக்கியது அம்மா. இப்போது பத்தே முக்காலுக்குக் குழாய் சத்தம் கேட்டால், திரையைப் பூட்டிவிட்டு நான் போகிறேன். எட்டுக் குடம், பத்து நிமிஷம். மே மாதத்தில் 105 டிகிரியைத் தாண்டும் ஊரில் அவர் வெயிலில் இறங்குவதில்லை. இந்தப் பத்து நிமிஷம் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. என் நாளில் இதுதான் பெரிய வேலை.

அப்புறம், வீட்டில் உட்கார்ந்து சம்பாதிப்பது நம்ம பக்கத்துக்குப் புதுசு என்பது போல அண்ணன் பேசினார். குடியாத்தத்தில் என் ஆயா, அம்மாவைப் பெற்றவர், பீடி சுற்றியவர். மடியில் முறம், தகட்டை வைத்து வெட்டிய இலை, தூள், நூல். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆரணியில் பட்டுத் தறி வீட்டுக்குள்ளேதான் ஓடியது. ஆயா பட்ட பாட்டை நான் புகழ வரவில்லை. கூலி குறைவு, தூள் மூக்கில் ஏறும், முதுகு போய்விடும். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு அம்மா ஓடி வரும்போது திண்ணையில் ஆயா இருந்தார். அம்மா இன்றைக்கும் சொல்வது அதைத்தான். எத்தனை ஆயிரம் சுற்றினார் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எதிரணி சொன்னதில் ஒன்று நியாயம். "வீட்டில்தானே இருக்கிறீர்கள்" என்று ராத்திரி எட்டு மணிக்கும் போன் போடுகிறார்கள். எனக்கும் நடக்கிறது. அது தவறு, நானே மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன். வேலைக்கு நேரம் வரையறுக்கச் சொல்லிக் கேளுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன். அதற்காக வீட்டை ஏன் குற்றம் சொல்ல வேண்டும்?

நடுவர் அவர்களே, தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம்ம வேலூரைச் சொல்வார்கள். அதில் கடைசிப் பேச்சு 1981-ல் முடிந்தது. இதே சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் கோட்டைக்குள் திரும்பிப் போய் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் விளக்கு எரிந்தது. கற்களும் கோபுரமும் அதே பழையவைதான். உள்ளே இருக்க வேண்டியவர் வந்து சேர்ந்தார். நம்ம தெருவிலும் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய், வாசல் விளக்கு மட்டும் எரிகிற வீடுகள் எத்தனை என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

அம்மா மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு ஞாயிறு. மேடைக்குக் கிளம்பும் முன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். ஞாயிறு அறை காலி. நாளைக்குக் காலையில் எனக்கு லாகின் இருக்கிறது, தண்ணீரும் வரலாம். தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.