வாய்க்குள்ள கைய விட்ட ரெண்டு பொய்க்காரங்க: ரோமன் ஹாலிடே நடந்த தெருக்கள்ல ஒரு நடை

வணக்கம் மக்களே. பின்னாடி சத்தம் கேக்குதா? எல்லாம் வரிசையில நிக்கிறவங்க. நான் ரோம்ல, சாந்தா மரியா இன் காஸ்மெதின் சர்ச்சோட முன் தாழ்வாரத்துல இருக்கேன். இதோ, இந்த வட்டக் கல்லைப் பாருங்க. ஏறக்குறைய ஒரு ஆள் உயரம். கண்ணு, மூக்கு, திறந்த வாய். இதுக்குப் பேரு போக்கா டெல்லா வெரிட்டா, உண்மையின் வாய். பொய் சொன்னவங்க உள்ள கைய விட்டா கடிச்சிடும்னு காலங்காலமா ஒரு நம்பிக்கை. எனக்கு முன்னாடி நின்ன அம்மா, மகளுக்கு ஒரு சீனை நடிச்சே காட்டினாங்க. அவங்க பேசினது இத்தாலியன், ஒரு வார்த்தை புரியல. ஆனா எந்த சீன்னு மட்டும் உடனே புரிஞ்சிடுச்சு.

1953ல வந்த ரோமன் ஹாலிடே. வில்லியம் வைலர் டைரக்‌ஷன், கிரிகரி பெக், ஆட்ரி ஹெப்பர்ன். படம் பாக்காதவங்க இங்கயே நிறுத்திட்டுப் போய் பாத்துட்டு வாங்க. ஏன்னா நான் கடைசி சீன் வரைக்கும் பேசப் போறேன். அதைப் பேசத்தான் வந்ததே.

கதை தெரிஞ்சவங்களுக்கு சுருக்கமா. ஐரோப்பா முழுக்க அரசுமுறைப் பயணம் வந்த இளவரசி ஆன், ரோம்ல ஒரு ராத்திரி மூச்சு முட்டி, சாமான் வண்டியில ஒளிஞ்சு தப்பிச்சிடறா. டாக்டர் போட்ட தூக்க ஊசியோட மயக்கத்துல ரோட்டோரமா படுத்திருக்கிறவளை ஜோ பிராட்லின்னு ஒரு அமெரிக்க நிருபர் பாக்கிறான். வேற வழியில்லாம தன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போறான். மறுநாள் ஆபீஸ்ல பேப்பரைப் பாத்ததும்தான் தெரியுது, வீட்ல தூங்கறது யாருன்னு. உடனே எடிட்டர்கிட்ட பேரம்: இளவரசியோட மனசைத் திறந்த பேட்டி கொண்டு வரேன், 5000 டாலர் தரணும்.

இப்ப இந்தக் கல்லுக்கு வருவோம். இங்க வந்து நிக்கிறப்ப ரெண்டு பேருமே பொய் சொல்லிட்டிருக்காங்க. அவ பேரை மறைக்கிறா, இவன் தொழிலை மறைக்கிறான். ஜோ முதல்ல அவளைக் கைய விடச் சொல்றான். அவ கைய மெதுவா கொண்டு போறா, வாய்கிட்ட போனதும் இழுத்துக்கிறா. முடியல அவளால. "இப்ப நீங்க" அப்படிங்கிறா. அவன் விடறான். அப்புறம் கை மாட்டிக்கிட்ட மாதிரி அலறி, வெளிய இழுத்தா சட்டைக் கைக்குள்ள கையே இல்ல!

கைய சட்டைக்குள்ள மறைச்சுக்கிற அந்த யோசனை கிரிகரி பெக்கோடது. வைலர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சார், ஹெப்பர்ன்கிட்ட சொல்லல. அவங்க போட்ட அலறல் நிஜ அலறல். வைலருக்கு 'நாப்பது டேக் வைலர்'னே பட்டப்பேரு உண்டு, ஒரு ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுப்பார். அவரே இதை ஒரே டேக்ல முடிச்சுட்டார். ஆனா எனக்கு அந்த அலறலை விட, அதுக்கு முந்தின அஞ்சாறு நொடிதான் பெருசு. அவ கை அந்த வாய்கிட்ட தயங்குது பாருங்க, அங்க சிரிப்புப் படம் ஒரு கணம் நின்னு போகுது. தன்னை நம்பிக் கூட வந்தவனை ஏமாத்தறோமேன்னு அந்தப் பொண்ணு முகத்துல தெரியும். அவனும் அதையேதான் பண்ணிட்டிருக்கான்னு நமக்கு மட்டும் தெரியும்.

சரி, நடப்போம்.

இது ஸ்பானிஷ் படிக்கட்டு. முடிய வெட்டிக்கிட்ட ஆன், கையில ஜெலாட்டோவோட, அதான் இத்தாலி ஐஸ்கிரீம், உக்காந்திருப்பாளே, அதே படி. இப்ப இங்க உக்காரக் கூடாது. 2019ல இருந்து தடை, அபராதம் 400 யூரோ வரைக்கும் போகும். காவலர் விசில் ஊதி எழுப்பறாங்க பாருங்க. பழைய கல்லைக் காப்பாத்தணும், அது நியாயம்தான். ஆனாலும் அந்த சீன்ல அவ கேக்கிறது என்ன? நாள் பூரா மனசுக்குப் பிடிச்சதை மட்டும் செய்யணும், காபிக் கடையில வெளிய உக்காரணும், மழையில நடக்கணும். ஒரு இளவரசிக்குக் கிடைக்காத சுகம் அந்தப் படியில சும்மா உக்கார்றது. அதை நினைச்சிட்டு இங்க நின்னுட்டே இருக்கிறது மனசை என்னமோ பண்ணுது.

படம் முழுக்க ரோம்லயேதான் எடுத்தாங்க, 1952 கோடையில. அதைப் பெருமையா டைட்டில்லயே போட்டாங்க. இன்னொரு விஷயமும் அந்த டைட்டில்ல உண்டு. பெக் அப்பவே பெரிய ஸ்டார், ஹெப்பர்ன் ஹாலிவுட்டுக்குப் புதுசு. ஒப்பந்தப்படி படப் பேருக்கு மேல பெக் பேர் மட்டும்தான் வரணும். அவரே சொன்னார், இந்தப் பொண்ணு ஆஸ்கார் வாங்கப் போகுது, அவங்க பேரையும் என் பேரோட போடுங்கன்னு. போட்டாங்க. அவங்க வாங்கவும் செஞ்சாங்க.

பேரு. அதைப் பத்தித்தான் பேசணும். இதோ மார்குட்டா தெரு, 51ஆம் நம்பர். ஜோ குடியிருந்த வீடு. கொடி படர்ந்த அமைதியான சந்து. இங்க நின்னு அந்தக் கதைய சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன்.

இந்தப் படத்தோட கதைய எழுதினவர் டால்டன் ட்ரம்போ. 1947ல அமெரிக்க நாடாளுமன்றத்துல ஒரு விசாரணைக் குழு சினிமாக்காரங்களைக் கூப்பிட்டு, நீ கம்யூனிஸ்ட்டா, உன் கூட யார் யார் இருக்காங்கன்னு கேட்டுது. பதில் சொல்ல மறுத்த பத்து பேர்ல ட்ரம்போவும் ஒருத்தர். ஸ்டுடியோக்கள் கதவை மூடிடுச்சு. 1950ல ஜெயிலுக்கும் போனார். வீடு நடக்கணுமே, எழுதினார். ஆனா அவர் பேர்ல எவனும் வாங்க மாட்டான். அதனால நண்பர் இயன் மெக்லெல்லன் ஹன்டர் தன் பேரைக் கொடுத்தார். கதைய தன் பேர்ல வித்து, பணத்தை ட்ரம்போகிட்ட சேத்தார்.

படத்துக்கு மூணு ஆஸ்கார் கிடைச்சுது. ஹெப்பர்னுக்கு ஒண்ணு, உடை வடிவமைப்புக்கு ஈடித் ஹெட்டுக்கு ஒண்ணு, கதைக்கு ஒண்ணு. கதைக்கான விருது ஹன்டர் பேருக்குப் போச்சு. ட்ரம்போ 1976ல இறந்துட்டார். 1993லதான் அவர் பேர்ல அந்த விருதை அவர் மனைவி கிளியோகிட்ட கொடுத்தாங்க. திரைக்கதையிலயும் அவர் பேரை எழுத்தாளர் சங்கம் சேத்தது 2011ல. படம் வந்து ஐம்பத்தெட்டு வருஷம்!

இப்ப கதைய திரும்பப் பாருங்க. கூட இருந்தவளைக் காட்டிக் கொடுத்தா ஒருத்தனுக்கு 5000 டாலர். அவன் கையில போட்டோ இருக்கு, சிகரெட் லைட்டர்ல கேமராவை ஒளிச்சு வச்சு நண்பன் எடுத்தது. கடைசியில அவன் வாய் திறக்கல. நண்பர்களைக் காட்டிக் கொடுன்னு ஒரு நாடே நெருக்கின நேரத்துல, காட்டிக் கொடுக்க மறுத்த மனுஷன் எழுதின காதல் கதை இது. இது தெரியாம நான் பல தடவை பாத்து சிரிச்சிருக்கேன். தெரிஞ்சப்புறம் பாத்த அன்னைக்கு, கடைசியில இளவரசி பத்திரிகைக்காரங்களை சந்திக்கிற சீன்ல அழுதுட்டேன்.

நம்ம ஊர்ல 1994ல வந்த மே மாதம் படத்துக்கும் விதை இதுதான். அதை ரசிச்சவங்க மூலத்தையும் பாக்கணும்னு ஆசை.

சரி மக்களே, இது மறுநாள், சனிக்கிழமை காலை. கொலோன்னா மாளிகை. இதோட பெரிய கூடத்தைப் பொதுமக்களுக்கு சனிக்கிழமை காலையில திறந்து விடறாங்க. அந்தப் படியில பாருங்க, பீரங்கிக் குண்டு. 1849ல பிரெஞ்சுப் படை ரோமைத் தாக்கினப்ப வந்து விழுந்தது, எடுக்காம அப்படியே விட்டுட்டாங்க.

இங்கதான் கடைசி சீன். இளவரசி பத்திரிகைக்காரங்களை சந்திக்கிறா. வரிசையில முன்னாடி ஜோ. அவன் யாருன்னு அவளுக்கு அப்பதான் தெரியுது. முகம் ஒரு நொடி உறையுது. நாடுகளுக்கு நடுவுல நட்பு நிலைக்குமான்னு ஒருத்தர் கேக்க, மனுஷங்களுக்கு நடுவுல இருக்கிற உறவை நம்பற மாதிரி அதையும் நம்பறேங்கிறா. எல்லார் முன்னாடியும், ஒருத்தனுக்கு மட்டும் சொல்றா. அவனும் சபை மரியாதையோட, உங்க நம்பிக்கை வீண் போகாதுன்னு பதில் சொல்றான். எந்த ஊர் உங்களுக்குப் பிடிச்சுதுன்னு கேட்டதும், எழுதிக் கொடுத்த பதிலைப் பாதியில விட்டுட்டு, ரோம்னு சொல்லிடறா. அப்புறம் ஒவ்வொரு நிருபருக்கா கை கொடுத்துட்டு வரா. ஜோவோட நண்பன் அந்தப் போட்டோ உறையை, ரோம் ஞாபகமா வச்சுக்கங்கன்னு சொல்லி அவ கையிலயே கொடுத்துடறான். ஜோகிட்ட வந்தப்ப மத்தவங்ககிட்ட சொன்ன அதே மரியாதை வார்த்தைதான். கட்டிப்பிடிக்கல, ஓடி வரல.

எல்லாரும் போனப்புறமும் ஜோ நிக்கிறான். அப்புறம் பாக்கெட்ல கைய விட்டுட்டு இந்தக் கூடத்தோட நீளம் பூரா தனியா நடக்கிறான். அவ திரும்பி ஓடி வருவாளோன்னு நாம காத்திருப்போம். வாசல்கிட்ட ஒரு தடவை திரும்பிப் பாக்கிறான். யாரும் வரல.

நான் இப்ப அந்த மூலையில இருந்து வாசல் வரைக்கும் நடக்கப் போறேன். பேச மாட்டேன். மைக்கைக் கால்கிட்ட பிடிக்கிறேன், இந்தத் தரையில காலடி எப்படி விழுதுன்னு கேளுங்க.