ஆந்தை மூஞ்சியோடு ஒரு பருந்து, காங்கேயத்தில் சுத்துது!

(திரையில்: ஒரு பறவையின் முகம், மிக அருகில்)

இந்த முகத்தைப் பாருங்கள். ஆந்தைதானே? இப்போது முழுப் படம். நீண்ட இறக்கை, நீண்ட வால், பட்டப்பகலில் பறக்கிறது. ஆந்தை இல்லைங்க, பூனைப்பருந்து. கஜகஸ்தான் புல்வெளிகளில் பனி கொட்டும் முன்பே கிளம்பி, காங்கேயம், தாராபுரம் பக்கம் நம்ம கொறங்காட்டுக்கு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்துக்கு, வந்து மார்ச் வரை இருக்கும். வலசைக் கதை அவ்வளவு போதும். முகத்துக்கு வருவோம், எனக்கு அதுதான் பிடித்தது.

காது மந்தமான பெரியவர்கள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து "என்னுங்?" என்று கேட்பார்களே, அந்த வேலையைத்தான் இந்த முகத்து இறகு வளையம் செய்கிறது. கொழுக்கட்டைப் புல்லுக்குள் வெட்டுக்கிளி, ஓணான், சுண்டெலி எது அசைந்தாலும் சத்தம் காதுக்குப் போய்விடும். மற்ற பருந்துகள் கண்ணை நம்புகின்றன. இது காதையும் நம்புகிறது. அதனால்தான் ஆளுயரத்தில் மெதுவாக, தலையைக் குனிந்தபடியே பறக்கும்.

ஆந்தை இன்னும் ஒரு படி மேலே. நம்ம கூகைக்கு ஒரு காது மேலே, ஒரு காது கீழே. சத்தம் எந்த உயரத்திலிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும். வடதுருவப் பக்கத்துச் சாம்பல் நிறப் பெரிய ஆந்தை, ஒன்றரை அடிப் பனிக்கு அடியில் ஓடும் எலியைக் காதாலேயே பிடித்துவிடும். எங்கள் வீட்டில் கூப்பிட்டால் பக்கத்து அறையில் இருப்பவருக்கே கேட்பதில்லை!

சரி, கேமரா. பனியில் படம் எடுப்பவர்கள் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, பிளஸ் ஒன்று, சில சமயம் அதற்கும் மேலே ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலாக விழும். இங்கே கதை தலைகீழ். காய்ந்த புல், அதன்மேல் ஏறக்குறைய வெள்ளையான ஆண் பருந்து. மைனஸ் பாயிண்ட் ஏழு வையுங்கள். இல்லையென்றால் இறகே தெரியாமல் வெளுத்துவிடும். அதுவே வானத்துக்கு எழும்பினால் பிளஸ் ஒன்று. ஷட்டர் வேகம் 1/2000 நொடி. வெயில் ஏறிக் கானல் ஆடத் தொடங்கினால் மூட்டை கட்டுங்கள். லட்ச ரூபாய் லென்ஸும் கானலை வெட்டாது.

துரத்தாதீர்கள். கிளுவை வேலி ஓரமாக, வெள்வேல் மர நிழலில் உட்காருங்கள். வேலியை ஒட்டியே பறந்து தேடும் பழக்கம் அதற்கு உண்டு, தானாகவே வரும். முக்கியமாக, கொறங்காடு ஒருவருடைய சொந்த நிலம். "ஏனுங்க, ரோடு போட அளக்க வந்தீங்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கேமராத் திரையில் பருந்தைக் காட்டுங்கள், முகம் மலர்ந்துவிடும். வரும்போது படலைச் சாத்திவிட்டு வாருங்கள். மாடு வெளியே போனால் அடுத்த வருடம் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது.

அப்புறம், கைவிட்ட பாறைக்குழிகளில் கொம்பன் ஆந்தை இருக்கும். குளிர்காலத்தில்தான் அது முட்டையிடும். குழிக்குள் இறங்காதீர்கள், ஃபிளாஷ் வேண்டாம், போனில் ஆந்தைச் சத்தம் போட்டு அழைக்கவும் வேண்டாம்.

உங்கள் ஊர்ப்பக்கம் பூனைப்பருந்து எந்த மாதம் வந்தது? கமெண்ட்டில் போடுங்கள். மாதம் மட்டும் போதும். அவை ராத்திரி தரையில் தூங்கும் பறவைகள், இடத்தைப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை பத்து கார் வந்து நிற்கும். லைக்கை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாமுங்க.