கை நடுங்குவதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். பார்க்கின்சன் நோய் என்றதும் எல்லாருக்கும் கை நடுக்கம்தான் நினைவுக்கு வரும். நடை தளரும், குரல் மெலியும், சட்டைப் பித்தான் போட வராது, கையெழுத்து பொடிப்பொடியாகிவிடும், எல்லாம் சரிதான். ஆனால் நான் இன்று பேச வந்தது நடுக்கத்தைப் பற்றி இல்லை, அதற்குப் பல வருடங்கள் முன்னாலேயே தொடங்கிவிடுகிற, யாரும் டாக்டரிடம் சொல்லாத சில தொந்தரவுகளைப் பற்றி. மூக்கு, வயிறு, தூக்கம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நரம்பியல் பிரிவுக்கு ஒரு பெரியவர் வருகிறார், கூட அவர் மனைவி. "அம்மா, ராத்திரி இவர் எப்படித் தூங்குறார்?" என்று கேட்டால், அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள்: "அதை ஏன் டாக்டர் கேக்கறீங்க, தூக்கத்துல கத்துறார், காலால உதைக்கிறார், நான் தனியாப் பாய் போட்டுப் படுத்து வருஷக்கணக்காச்சு." இப்படிச் சொல்கிற அம்மாக்கள் நிறையப் பேர். கனவு காணும்போது நம் தசைகள் இயல்பாகவே செயலற்றுக் கிடக்கும். இவர்களுக்கு அந்தப் பூட்டு திறந்துகொள்வதால் கனவில் செய்கிற சண்டையைக் கையும் காலும் நிஜமாகவே செய்துவிடுகின்றன. அமெரிக்காவில் மினியாபொலிஸில் ஷெங்க், மஹோவால்ட் என்ற இரண்டு டாக்டர்கள் 1986 இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். அப்படிப்பட்ட 29 ஆண்களைத் தொடர்ந்து கவனித்ததில் 11 பேருக்குப் பின்னால் பார்க்கின்சன் அறிகுறிகள் வந்தன என்று 1996 இல் எழுதினார்கள். அதனால் வீட்டு அம்மாக்களே, வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

அடுத்தது மூக்கு. தாளிக்கிற வாசனை தெரியவில்லை, பால் தீய்ந்தது தெரியவில்லை என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மோப்ப உணர்வு குறைந்திருக்கிறது, அதுவும் பல பேருக்கு நடுக்கத்துக்கு வெகு முன்பாகவே.

மூக்கு என்று வந்துவிட்டதால் ஜாய் மில்ன் கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. ஸ்காட்லாந்தில் பெர்த் நகரத்தைச் சேர்ந்தவர், நர்ஸாக இருந்தவர். கணவர் மேல் ஏதோ புது வாடை அடிக்கிறது என்று, அவர் நல்ல திடகாத்திரமாக இருந்த காலத்திலேயே இவர் கவனித்திருக்கிறார். சரியாகக் குளிக்கவில்லை என்று அவரைக் கடிந்தும் கொண்டிருக்கிறார். பத்து வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் அவருக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்தது. அப்புறம் நோயாளிகள் கூடுகிற ஒரு கூட்டத்துக்குப் போனால், அங்கே இருந்தவர்கள் மேலும் அதே வாடை! எடின்பரோவில் டிலோ குனாத் என்ற விஞ்ஞானியிடம் இதைச் சொல்ல, நோயாளிகள் ஆறு பேர், நோயில்லாதவர்கள் ஆறு பேர், ஆக 12 பேர் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட்டுகளை முகரக் கொடுத்துச் சோதித்தார்கள். ஜாய் ஆறு நோயாளிகளையும் சரியாகச் சொல்லிவிட்டு, நோயில்லாத ஒருவரையும் சேர்த்துச் சொன்னார். அது ஒன்றுதான் தப்பு என்று நினைத்தார்கள். எட்டு மாதம் கழித்து அந்த மனிதரே வந்து, எனக்கும் பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். டாக்டர்களுக்கு முன்னால் அந்த அம்மாவின் மூக்குக்குத் தெரிந்துவிட்டது! பிறகு மான்செஸ்டரில் பெர்டிடா பரன் குழுவினர், முதுகில் சுரக்கிற எண்ணெய்ப்பசையில்தான் அந்த வாடை என்று பிரித்துப் பார்த்து 2019 இல் வெளியிட்டார்கள்.

கதை நீண்டுவிட்டது, வயிற்றுக்கு வருகிறேன். ஹொனலுலுவில் ஆயிரக்கணக்கான ஆண்களை ஆண்டுக்கணக்கில் கவனித்ததில், தினமும் மலம் கழிக்காதவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பயந்துவிடாதீர்கள், மலச்சிக்கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் பார்க்கின்சன் வருவதே இல்லை. மோப்பமும் போய், தூக்கத்தில் உதைப்பதும் சேர்ந்திருந்தால் மட்டும் ஒரு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.

ஏன் இந்த மூன்றும்? ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் நரம்பணுக்களுக்குள் திரள்திரளாகச் சேர்கிறது. ஜெர்மனியில் ஹைக்கோ பிராக், இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து 2003 இல் சொன்னது: இந்தத் திரள்கள் முதலில் மோப்பப் பகுதியிலும், குடலோடு தொடர்புள்ள வேகஸ் நரம்பு தொடங்குகிற இடத்திலும் தெரிகின்றன, உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற பொருள் சுரக்கிற பகுதிக்குப் பிறகுதான் வருகின்றன. எல்லாருக்கும் இதே வரிசை இல்லை, ஆனாலும் மூக்கும் வயிறும் முந்திக்கொள்வது ஏன் என்று இதில் புரிகிறது. இந்த நோய்க்குத் தன் பெயரைத் தந்த ஆங்கிலேய டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சனே 1817 இல் இதைப் பற்றி எழுதியபோது மலச்சிக்கலையும் தூக்கக் கெடுதலையும் குறிப்பிட்டிருக்கிறார். நாம்தான் நடுக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடியப் போகிறது. மனச்சோர்வைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன்: முகத்தில் சிரிப்பில்லை, எதிலும் ஆர்வமில்லை என்றால் அவரைத் திட்டாதீர்கள், அதுவும் நோயின் பகுதி, அதற்கு மருந்து உண்டு. பரம்பரையாக வருவது குறைவு. பாராகுவாட் என்ற களைக்கொல்லி போன்ற, வயலில் தெளிக்கிற மருந்துகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு தெரிந்திருக்கிறது, எனவே அவற்றைத் தெளிப்பவர்கள் கையுறை, முகமூடி இல்லாமல் இறங்க வேண்டாம். எழுந்ததும் தலை சுற்றினால் கட்டில் ஓரத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள், ரத்த அழுத்தத்தை நின்றபடியும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோய்க்குக் கொடுக்கிற லெவோடோபா மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வணக்கம்.