புகையும் மதுவும் தொடாத துறவிகளுக்கு ஏன் கொலஸ்ட்ரால் ஏறுகிறது?

[காட்சி: பிரார்த்தனை மண்டபம், வரிசையாக அமர்ந்த துறவிகளிடையே கெண்டியுடன் விரையும் இளந்துறவிகள்]

வணக்கம். புகைப்பதும் மது அருந்துவதும் திபெத்திய பௌத்தத் துறவிகளின் நெறிக்குப் புறம்பானவை. அவ்விரண்டையும் விலக்கி வாழும் அவர்களுக்கும் ரத்தக் கொழுப்பு சீர்கெடுவதுண்டு. காரணத்தை அவர்களது தேநீரிலிருந்தே தேடத் தொடங்கலாம்.

[காட்சி: மர உருளையில் தேநீர் கடையப்படுகிறது]

கட்டித் தேயிலையை நெடுநேரம் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் உப்பும் வெண்ணெயும் சேர்த்து, நீண்ட மர உருளையில் கடைந்தெடுப்பதே வெண்ணெய்த் தேநீர். கோப்பை குறையக் குறைய நிரப்புவது அங்கே உபசார மரபு. வறுத்த பார்லி மாவையும் இதில்தான் பிசைந்து உண்கிறார்கள். வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பு. அதிலும் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. இது மிகும்போது, ரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளிழுக்கும் கல்லீரல் ஏற்பிகளின் செயல்பாடு குறைகிறது; அகற்றப்படாத துகள்கள் ரத்தத்திலேயே சுற்றி, காலப்போக்கில் தமனிச் சுவர்களில் படிகின்றன.

ஆயினும் வெண்ணெயின் மீது மட்டும் பழி போடுவது நியாயமன்று. ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்திலுள்ள திபெத்தின் லாசா நகரக் குளிரில், மேய்ச்சலிலும் உழவிலும் உடல் வருந்துவோருக்கு அக்கொழுப்பு எரிந்து பயன்படுகிறது. துறவியோ மணிக்கணக்கில் சம்மணமிட்டு ஓதுகிறார். உடல் அசையும் தர்க்கப் பயிற்சியிலும், கைதட்டிக் கேள்வி தொடுப்பவர்தான் நிற்கிறார். பதில் சொல்பவர் அமர்ந்தே இருக்கிறார்.

[காட்சி: கர்நாடகம், பைலகுப்பே]

1959-க்குப் பின் திபெத்திலிருந்து புலம்பெயர்ந்த துறவிகள் செரா மடாலயத்தைப் பைலகுப்பேயிலும், கண்டென், டிரெபுங் மடாலயங்களை முண்டகோடிலும் மீண்டும் நிறுவினர். உயர்மலைக் குளிர் இல்லாத இந்த ஊர்களில் வெள்ளை அரிசியும் மைதாவும் சர்க்கரையும் எளிதில் கிடைக்கின்றன. அளவு மீறினால் இவை ரத்தத்திலுள்ள மற்றொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடை உயர்த்தி, நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல்.-ஐக் குறைக்கும். ஆகவே இறைச்சியை விலக்கினாலே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. வயது, பரம்பரை, நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும்.

மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கும், ட்ரைகிளிசரைடு 150-க்கும் கீழே இருப்பது நல்லது, ஆண்களுக்கு எச்.டி.எல். 40-க்குக் குறையக் கூடாது. வலியோ அறிகுறியோ பெரும்பாலும் தோன்றாது என்பதால், பரிசோதித்தால்தான் தெரியவரும்.

மடாலயத்தை வலம்வருவதும் நெடுஞ்சாண்கிடையாக வணங்குவதும் வழிபாடாக இருப்பதோடு நல்ல உடற்பயிற்சியும் ஆகும். உணவைப் பொறுத்தவரை, பொதுச் சமையற்கூடத்தில் உண்ணும் துறவியிடம் தனியே பத்தியம் சொல்லிப் பயனில்லை. வெண்ணெய், உப்பு, மைதா ஆகியவற்றின் அளவைத் தீர்மானிக்கும் சமையற்கூடப் பொறுப்பாளரிடம்தான் மருத்துவர் முதலில் பேச வேண்டும்.