ஆங்கில எழுத்தில் ஒப்பீடு: 'தேன்' (than) என்ற சொல்லின் இரு பக்கங்கள்

(திரையில் ஒரே ஒரு வாக்கியம்: 'இரும்பு அலுமினியத்தை விட அடர்த்தியானது.')

இந்தத் தமிழ் வாக்கியத்தில் ஒப்பீட்டைச் சுமந்து நிற்கும் சொல் எது என்று பாருங்கள். 'அடர்த்தியானது' என்ற சொல்லில் எந்த மாற்றமும் இல்லை. 'இரும்பு அடர்த்தியானது' என்று மட்டும் சொல்லியிருந்தாலும் அது இதே வடிவில்தான் வந்திருக்கும். ஒப்பீடு முழுவதும் 'அலுமினியத்தை விட' என்ற பகுதிக்குள், பெயர்ச்சொல்லை ஒட்டியே அமைந்துவிடுகிறது. இது நேற்று வந்த வழக்கமும் அன்று. ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நன்னூல் பொருள் வகுக்கிறது. ஒப்பிடுவது பெயரின் மேல் ஏறும் உருபின் வேலை என்பது அந்த வகைப்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

ஆங்கிலம் அந்தச் சுமையைப் பெயரடையின் மேல் ஏற்றுகிறது. 'டென்ஸ்' என்ற சொல் 'டென்சர்' என்று மாறியாக வேண்டும். அதற்குப் பின் வரும் 'தேன்' என்ற சொல், எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதை அறிமுகம் செய்வதோடு நின்றுவிடும். தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களிடம் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே காரணம். 'தேன்' என்பதை 'விட' என்பதற்கு நிகராகக் கொண்டு, அது ஒன்றே போதும் என்று நினைப்பவர் 'அயர்ன் இஸ் டென்ஸ் தேன் அலுமினியம்' என்று எழுதுகிறார். பெயரடை மாற வேண்டும் என்பதை அறிந்தும் உறுதியில்லாதவர், இருக்கட்டும் என்று 'மோர் டென்சர்' என்று இரண்டு அடையாளங்களையும் சேர்த்துவிடுகிறார்.

(திரையில் இரண்டு சொற்கள் அருகருகே: 'தேன்', 'தென்')

ஒப்பீட்டுக்கு உரிய 'தேன்', காலவரிசையைக் குறிக்கும் 'தென்' (then) ஆகிய இரண்டும் வரலாற்றில் ஒரே சொல்லிலிருந்து பிரிந்தவை. இன்றைய எழுத்தில் அவை முற்றிலும் வேறானவை, ஆனாலும் விசைப்பலகையில் ஓர் எழுத்து மாறினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் எல்லா நேரங்களிலும் அதைப் பிடிப்பதில்லை. தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒன்று இனிப்பாகவும் மற்றொன்று திசையாகவும் தெரிவதால், நமக்காவது குழப்பம் குறைவு.

பெயரடை எப்படி மாறும் என்பதை விரைவாகப் பார்த்துவிடலாம். ஓரசைச் சொற்கள் பெரும்பாலும் ஈ-ஆர் விகுதி பெறும்: 'டால்' என்பது 'டாலர்' என்றும், 'ஷார்ப்' என்பது 'ஷார்ப்பர்' என்றும் ஆகும். மூன்று அசையோ அதற்கு மேலோ உள்ள சொற்களின் முன் 'மோர்' வரும்: 'மோர் எக்ஸ்பென்சிவ்', 'மோர் டிஃபிகல்ட்'. ஈரசைச் சொற்களில் ஒய் எழுத்தில் முடிபவை 'ஈசியர்', 'ஹெவியர்' என்றாகும். 'கிளெவர்', 'சிம்பிள்', 'நேரோ' போன்றவை இரண்டு வடிவங்களையும் ஏற்கும். 'டயர்ட்', 'போர்ட்' போன்ற வினையடிச் சொற்கள் குறுகியவையாக இருந்தாலும் 'மோர்' என்பதையே நாடும். 'குட்' என்பதற்கு 'பெட்டர்', 'பேட்' என்பதற்கு 'வொர்ஸ்' என்று வரும் விதிவிலக்குகளை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

'மோர் பெட்டர்' என்று எழுதுவது அறியாமை என்று எள்ளி நகையாடுவோருக்கு ஒரு செய்தி. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், அதுவும் பெரும் எழுத்தாளர்களிடமே, இத்தகைய இரட்டை ஒப்பீடு இயல்பாக வழங்கியது. 18ஆம் நூற்றாண்டின் இலக்கண ஆசிரியர்கள் அதைக் கண்டித்து எழுதிய பிறகுதான் அது தவறு என்ற நிலை உறுதிப்பட்டது. ஆயினும் இன்றைய எழுத்தில் அது பிழைதான். ஒப்பீட்டின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் அதற்கு உரிய சொற்கள் 'மச்', 'ஃபார்', 'ஸ்லைட்லி' முதலியன. 'இதை விட அது மிகவும் நல்லது' என்று தமிழில் இயல்பாகச் சொல்லும் பழக்கம் 'வெரி பெட்டர்' என்று எழுதவைக்கும். 'மச் பெட்டர்' என்பதே வழக்கு.

இனி வருவது இந்த வீடியோவின் மையமான பகுதி. இதுவரை பார்த்த பிழைகளை ஓரளவு பயிற்சி உள்ள எவரும் கண்ணாலேயே கண்டுபிடிப்பார். அடுத்து வரும் பிழையோ ஆய்வுக் கட்டுரைகளிலும் அலுவல் அறிக்கைகளிலும், நன்றாக எழுதத் தெரிந்தவர்களின் கையிலிருந்தே வெளிவருகிறது.

(திரையில்: 'தி டென்சிட்டி ஆஃப் அயர்ன் இஸ் கிரேட்டர் தேன் அலுமினியம்.')

ஒப்பீட்டு வடிவம் சரி, 'தேன்' சரி, தகவலும் சரி. ஆனால் 'தேன்' என்ற சொல்லின் இடப்பக்கத்தில் இருப்பது ஓர் அடர்த்தி. வலப்பக்கத்தில் இருப்பது ஓர் உலோகம். கன சென்டிமீட்டருக்கு 7.87 கிராம் என்ற அளவை, 2.70 கிராம் என்ற அளவோடு ஒப்பிட வேண்டிய இடத்தில், அந்த அளவை அலுமினியம் என்ற பொருளோடு ஒப்பிட்டுவிட்டோம். வலப்பக்கத்திலும் ஓர் அடர்த்தியை நிறுத்த, 'தேட் ஆஃப்' என்ற இரு சொற்களைச் சேர்க்கிறது ஆங்கிலம்: 'தி டென்சிட்டி ஆஃப் அயர்ன் இஸ் கிரேட்டர் தேன் தேட் ஆஃப் அலுமினியம்.' ஒப்பிடப்படுவது பன்மையாக இருந்தால் 'தோஸ் ஆஃப்' என்று வரும்.

இந்தப் பிழை நம் கண்ணுக்குத் தப்புவதற்குக் காரணம், தமிழ் இதைப் பொறுத்துக்கொள்வதுதான். 'இரும்பின் அடர்த்தி அலுமினியத்தை விட அதிகம்' என்று சொன்னால் எவரும் திடுக்கிடுவதில்லை. 'அலுமினியத்தின் அடர்த்தியை விட' என்று கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார். ஆங்கிலப் பேச்சும் ஓரளவு இப்படித்தான். கவனமான ஆங்கில எழுத்து அந்தச் சலுகையைத் தருவதில்லை. மாற்று வழியும் உண்டு: பொருள்களையே நேராக ஒப்பிட்டு 'அயர்ன் இஸ் டென்சர் தேன் அலுமினியம்' என்று எழுதிவிட்டால் 'தேட் ஆஃப்' தேவையே இல்லை. என்னைக் கேட்டால், முடிந்த இடங்களில் எல்லாம் இந்தக் குறுகிய வடிவமே மேலானது என்பேன்.

முன்னிடைச்சொற்களிலும் இதே ஒழுங்கு வேண்டும். செவ்வாயின் குளிரைப் பற்றி எழுதும்போது 'இட் இஸ் கோல்டர் ஆன் மார்ஸ் தேன் எர்த்' என்று முடிக்காமல், 'தேன் ஆன் எர்த்' என்று எழுதினால் இருபுறமும் இடங்களாகவே நிற்கும். 'லைக்' என்று தொடங்கும் ஒப்பீடுகள் இன்னும் ஏமாற்றக்கூடியவை. 'லைக் எர்த், தி அட்மாஸ்ஃபியர் ஆஃப் மார்ஸ்' என்று தொடங்கினால், ஒரு கோளையும் ஒரு வளிமண்டலத்தையும் ஒரே இனமாக்கிவிடுகிறோம். 'லைக் எர்த், மார்ஸ் ஹேஸ் ஏன் அட்மாஸ்ஃபியர்' என்று எழுவாயை மாற்றினால் கோளும் கோளும் நேர்நிற்கும்.

(திரையில்: 'ஜூபிடர் இஸ் லார்ஜர் தேன் எனி பிளானட் இன் தி சோலார் சிஸ்டம்.')

வியாழன் சூரியக் குடும்பத்தின் மிகப் பெரிய கோள் என்பது உண்மை. ஆனால் அதுவும் ஒரு கோள் என்பதால், இந்த வாக்கியத்தின்படி வியாழன் தன்னையே விடப் பெரியதாகிவிடுகிறது. 'எனி அதர் பிளானட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் சிக்கல் தீரும். அதே வேளை, சூரியனைப் பற்றி எழுதும்போது 'லார்ஜர் தேன் எனி பிளானட்' என்பதே சரி, ஏனெனில் சூரியன் கோள்களின் கூட்டத்தில் இல்லை. ஒப்பிடப்படும் பொருள் அந்தக் கூட்டத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதைப் பொறுத்தே 'அதர்' வரும் அல்லது வராது. 'எல்லாவற்றிலும் மிகப் பெரியது' என்று சொல்லும் உச்ச ஒப்பீட்டு வடிவத்தில் இது தலைகீழாகும்: 'தி லார்ஜஸ்ட் ஆஃப் ஆல் அதர் பிளானட்ஸ்' என்பது பிழை, 'தி லார்ஜஸ்ட் ஆஃப் ஆல் தி பிளானட்ஸ்' என்பதே சரி.

சில ஒப்பீடுகளில் இலக்கணம் குறையின்றி இருந்தும் பொருள் இரண்டாகப் பிரியும். 'ஷி டிரஸ்ட்ஸ் ஹிம் மோர் தேன் மி' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் என் மீது வைத்திருக்கும் நம்பிக்கையை விட அவன் மீது வைத்திருக்கும் நம்பிக்கை அதிகமா, அல்லது நான் அவனை நம்புவதை விட அவள் அவனை அதிகம் நம்புகிறாளா? 'மி' என்பதற்குப் பதில் 'ஐ' என்று எழுதினால் இரண்டாவது பொருள் கிடைக்கும் என்பது பழைய இலக்கண நூல்களின் தீர்ப்பு. ஆனால் இன்றைய வாசகருக்கு அது செயற்கையாக ஒலிக்கும். 'மோர் தேன் ஐ டு' என்று துணைவினையைச் சேர்ப்பது இயல்பாகவும் தெளிவாகவும் இருக்கிறது. முதல் பொருள் வேண்டுமென்றால் 'மோர் தேன் ஷி டிரஸ்ட்ஸ் மி' என்று முழுமையாகவே எழுதிவிடலாம்.

இந்த இரட்டைப் பொருள் நமக்குப் புதிதன்று. 'அவள் என்னை விட அவனை அதிகம் நம்புகிறாள்' என்பதிலும் அதே குழப்பம் இருக்கிறது. 'காக்கையிற் கரிது களாம்பழம்' என்று பழைய உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு இன்னும் சுவையானது: காக்கையைப் போலக் கரியது என்றும், காக்கையை விடக் கரியது என்றும் அதற்கு இரு பொருள் கொள்ளலாம். உவமையும் உறழ்வும் ஒரே உருபுக்குள் அடங்கும் மொழிக்காரர்களான நாம், ஆங்கிலத்தில் 'ஆஸ் பிளாக் ஆஸ்', 'பிளாக்கர் தேன்' என்று இரண்டும் தனித்தனிப் பாதையில் செல்வதைக் கூடுதல் கவனத்துடன் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் இணைக்கும்போது 'ஆஸ் குட் ஆர் பெட்டர் தேன்' என்று எழுதினால் இரண்டாவது 'ஆஸ்' தொலைந்துபோகும். 'ஆஸ் குட் ஆஸ், ஆர் பெட்டர் தேன்' என்பதே முழு வடிவம்.

எண்கள் நுழையும்போது இந்த வேறுபாடு இலக்கணத்தைத் தாண்டிச் செல்கிறது.

(திரையில்: பி = 10. 'ஏ இஸ் த்ரீ டைம்ஸ் லார்ஜர் தேன் பி.')

இங்கே ஏ என்பது 30 என்றே பெரும்பாலோர் படிப்பர். 10க்கு மேல் மூன்று மடங்கு கூடுதல் என்று கணக்கிட்டு 40 என்று படிப்பவர்களும் உண்டு. 'த்ரீ டைம்ஸ் ஆஸ் லார்ஜ் ஆஸ்' என்று எழுதினால் 30 என்பதைத் தவிர வேறு விடை கிடையாது. வியாழனின் விட்டம் பூமியின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 11 மடங்கு என்பதைச் சொல்லவும் 'அபவுட் லெவன் டைம்ஸ் ஆஸ் வைட் ஆஸ் எர்த்' என்பதே பாதுகாப்பான வடிவம். 'ட்வைஸ்' என்ற சொல் 'ஆஸ்' இணையை மட்டுமே ஏற்கும். 'ட்வைஸ் பிகர் தேன்' என்று எழுதுவதில்லை. 'த்ரீ டைம்ஸ் லெஸ்' என்ற தொடரை அடியோடு கைவிட்டு, 'ஒன் தேர்ட் ஆஸ் மச்' என்று எழுதலாம். விழுக்காட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது: 40 விழுக்காடு 50 விழுக்காடாக உயர்ந்தால், அது 10 'பர்சன்டேஜ் பாயின்ட்ஸ்' உயர்வு, 'பர்சன்ட்' என்று மட்டும் எழுதினால் அந்த உயர்வு 25.

'தேன்' என்பதைப் பொதுவாக ஏற்காத சொற்களும் சில உண்டு. 'சீனியர்', 'ஜூனியர்', 'சுபீரியர்', 'இன்ஃபீரியர்' ஆகியவை இலத்தீன் மொழியிலேயே ஒப்பீட்டு வடிவங்களாக இருந்து அப்படியே வந்தவை. அவற்றுக்குப் பின் பொதுவாக 'டு' வரும், அப்போது முன்னால் 'மோர்' வராது. 'ப்ரிஃபர்' என்பதும் 'டு' என்பதையே நாடும். 'டிஃபரன்ட்' என்பதற்குப் பின் பிரித்தானியர் 'டு' என்றும் அமெரிக்கர் 'தேன்' என்றும் எழுதுவது உண்டு. 'ஃப்ரம்' என்று எழுதினால் இரு தரப்பிலும் கேள்வி எழாது. தமிழில் 'குறைவு' என்ற ஒரே சொல் போதுமான இடத்தில், எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃப்யூவர்', எண்ண முடியாதவற்றுக்கு 'லெஸ்' என்று ஆங்கிலம் பிரிக்கிறது. ஆனால் தொலைவு, காலம், பணம் ஆகியவற்றை ஒரே அளவாகக் கருதும்போது 'லெஸ் தேன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்' என்றே வரும்.

இறுதியாக, ஓர் அறிக்கையில் வரக்கூடிய வாக்கியம் ஒன்றைத் தருகிறேன். இதில் மூன்று பிழைகள் உள்ளன. வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களே திருத்திப் பாருங்கள்.

(திரையில், பத்து நொடிகள்: 'தி தெர்மல் கண்டக்டிவிட்டி ஆஃப் சில்வர் இஸ் மோர் ஹையர் தேன் எனி மெட்டல்.')

'ஹையர்' என்பதிலேயே ஒப்பீடு இருப்பதால் 'மோர்' நீங்க வேண்டும். இடப்பக்கத்தில் இருப்பது வெப்பக் கடத்துதிறன் என்பதால் வலப்பக்கத்தில் 'தேட் ஆஃப்' வர வேண்டும். வெள்ளியும் ஓர் உலோகமே என்பதால் 'அதர்' சேர வேண்டும்.

(திரையில்: 'தி தெர்மல் கண்டக்டிவிட்டி ஆஃப் சில்வர் இஸ் ஹையர் தேன் தேட் ஆஃப் எனி அதர் மெட்டல்.')